தேனீக்கு நாலு வரை எண்ணத் தெரியும்

பூசணி, பாகல் போட்டவங்களுக்குத் தேனீயோட அருமை தெரியும். ஆண் பூ மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேரலேன்னா பிஞ்சு வெம்பிக் கொட்டிடும். இந்த வேலையைச் செய்யும் தேனீ, போகிற வழியில் உள்ள அடையாளங்களை எண்ணவும் செய்கிறது.

1995-இல் ஜெர்மனியைச் சேர்ந்த சிட்காவும் கைகரும் இதைச் சோதித்தார்கள். திறந்த வெளியில் ஒரே மாதிரிக் கூடாரங்களை வரிசையாக நட்டு, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே சர்க்கரைப் பாகு வைத்துப் பழக்கினார்கள். பிறகு அதே தூரத்துக்குள் கூடாரங்களைக் கூட்டினால் சில தேனீக்கள் முன்னதாகவே இறங்கின. குறைத்தால் தாண்டிப் போயின. 2008-இல் மேரி டாக்கேயும், பெங்களூரில் படித்த மாண்டயம் சீனிவாசனும், தேனீ நாலு அடையாளம் வரை எண்ணும் என்று காட்டினார்கள். 2018-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, ‘ஒன்றுமில்லை’ என்பது ஒன்றைவிடக் குறைவு என்றும் அதற்குப் புரிகிறது என்றது. இத்தனைக்கும் அதன் மூளையில் பத்து லட்சம் நரம்பு செல்கூடக் கிடையாது!

எண்ணிக்கை மட்டுமே அதற்கு வழி காட்டுவதில்லை. சூரியன் இருக்கும் திசை, கண்ணுக்குக் கீழே ஓடும் நிலம், பூவின் வாசம் எல்லாம் சேர்ந்துதான் வழி. ஆனாலும் அடையாளம் மாறினால் சில தேனீக்கள் தடுமாறுகின்றன.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்னும் காய்கறி போடுகிறவர்கள் இதை யோசிக்கணும். நம்ம பெட்டியில் வளரும் இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இரை தேடும். அந்த வட்டத்துக்குள் ரோடு அகலமாகுது, பனையும் வேம்பும் விழுது, ஒரே மாதிரி ஷெட்டுகள் எழும்புது. வெளியில் நடப்பதை நம்மால் நிறுத்த முடியாமல் போகலாம். நம்ம வரப்பு நம்ம கையில்தான் இருக்கு.

• வரப்புப் பனை, வேம்பை வெட்டாதீங்க. அது தேனீக்கு அடையாளம் மட்டுமல்ல, தீவனமும்கூட.

• பெட்டியைக் கொஞ்ச தூரம் நகர்த்தணும்னா, தேனீ எல்லாம் அடைந்த பிறகு, ராத்திரியில், நாளுக்கு இரண்டு மூன்று அடி மட்டும் நகர்த்துங்க.

• தொலைவான இடத்துக்குக் கொண்டு போனால், வாசல் முன்னே தழைக் கொத்து ஒன்று வையுங்க. வெளியே வரும் தேனீ இடம் மாறியதை உணர்ந்து, சுற்றிப் பார்த்துப் புது அடையாளம் பிடிக்கும்.

மரத்தை வெட்ட ஆள் கூப்பிடும் முன், எத்தனை மரம் மிச்சம்னு ஒருமுறை எண்ணிப் பாருங்க. தேனீ ஏற்கெனவே எண்ணி வெச்சிருக்கும்.