உங்களுக்குத் தெரியுமா? உத்திரமேரூரில் பொன்னின் நிறம் பார்க்க ஒரு வாரியம்!

  நிறம் பார்த்துத் தரம் சொல்வதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர்ப்பொறுப்பாக நடத்திய ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். அங்கே பார்த்தது பொன்னின் நிறம்.

● முதலாம் பராந்தக சோழன் காலக் குடவோலைக் கல்வெட்டில் (கி.பி. 921) ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியமும் இடம்பெறுகிறது. ஊரின் 30 குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) ஓலை எழுதிக் குடத்திலிட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள்.

● பொன் பார்ப்போரின் நேர்மைக்கும் விதி இருந்தது. உரைகல்லில் உரசும்போது உதிரும் பொன்துகளை மெழுகில் ஒற்றியெடுத்து ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பராந்தகன் காலத்து இன்னொரு கல்வெட்டு. துகளளவு பொன்னும் ஊருக்கே சொந்தம்!

● கறுப்பு உரைகல்லில் நகையை உரசி, தரம் தெரிந்த பொன்னின் கோட்டருகே வைத்து ஒப்பிடுவார்கள். செம்பு கூடினால் கோடு சிவக்கும். வெள்ளி கூடினால் வெளிறும்.

● ஆனாலும் வெறும் மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, பித்தளையும் மஞ்சள்தான். இன்று 22 காரட் நகையில் 916 என்ற தர எண்ணும் ஹால்மார்க் முத்திரையும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாளக் குறியீடும் கட்டாயம். நகை வாங்கும்போது அதைக் கேட்டுச் சரிபாருங்கள்!