ஜப்பானின் விரைவு வண்டிகளும் ஒரு கோயமுத்தூர்க்காரரும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் வண்டி ஓட்டுவது தனியொரு வித்தை. ஒருபுறம் மூட்டை இறக்கும் லாரி நிற்கும். மறுபுறம் தலைச்சுமைக்காரர் வருவார். நடுவே ஆட்டோ ஒன்று நுழைந்துகொள்ளும். ஜப்பானிய நிசான் கம்பெனியாரின் ஜி.டி.ஆர். என்னும் வண்டியின் அகலம் 1,895 மில்லிமீட்டர். அது நம் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டால், அன்றைய வியாபாரம் அத்துடன் நின்றுவிடும். ஆயினும் இத்தெருவில் பிறந்து வளரும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் அவ்வண்டியின் பெயரையும், ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ்., டொயோட்டாவின் எல்.எப்.ஏ. முதலியவற்றின் பெயர்களையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

நம் சங்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் இது குறித்து நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். சுவரெல்லாம் கார்ப் படங்கள். மேற்கொண்டு கார் சம்பந்தமான படிப்புத்தான் வேண்டும் என்கிறானாம். “நூற்றில் ஒருவர்கூட வாங்க இயலாத வண்டிகளை இக்கம்பெனிகள் எதற்காகச் செய்கின்றன? இந்தப் பைத்தியம் சோறு போடுமா?” என்று அவர் கேட்கிறார். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

இப்போட்டியின் வேரைக் காண 1961-ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். நாட்டில் கார் செய்யும் கம்பெனிகள் பெருகிவிட்டன, புதியவர் எவரும் இத்தொழிலில் இறங்கலாகாது என்று ஜப்பானிய வாணிப, தொழில் அமைச்சகம் அப்போது ஒரு திட்டம் வகுத்தது. மோட்டார் சைக்கிள் செய்துவந்த ஹோண்டா சோயிசிரோ இதைக் கேட்டுக் கொதித்தெழுந்தார். கதவு அடைபடுமுன் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்று அவசரம் அவசரமாக 1963-இல் ஒரு சிறு சுமை வண்டியையும் ஒரு விரைவுக் காரையும் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1962-இல், சுசூகா என்னுமிடத்தில் தம் கம்பெனிக்கென ஒரு பந்தயத் தடமும் அமைத்துவிட்டார். காரே செய்யாத கம்பெனி கார் ஓடத் தடம் போட்டது என்றால், அம்மனிதரின் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

அந்தச் சுசூகாத் தடத்தில் 1964-இல் நடந்த ஜப்பான் பெரும்பந்தயத்தில், பிரின்ஸ் என்னும் கம்பெனியின் ஸ்கைலைன் வண்டி ஒரு ஜெர்மானியப் போர்ஷே வண்டியை ஒரு சுற்று முந்தி ஓடியது. முடிவில் போர்ஷேயே வென்றது. எனினும் அந்த ஒரு சுற்றை ஜப்பானியர் இன்றளவும் மறக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஃபூஜித் தடத்தில் பிரின்ஸ் வண்டி போர்ஷேயை வென்றது. அதே 1966-இல் பிரின்ஸ் கம்பெனி நிசானோடு இணைந்தது. ஸ்கைலைன் என்ற பெயரும் அவ்வழியே நிசானுக்குச் சொந்தமாயிற்று. டொயோட்டாவும் வாளாவிருக்கவில்லை. யமஹா கம்பெனியின் துணையோடு 2000 ஜி.டி. என்ற அழகிய வண்டியைச் செய்து, 1967 முதல் 1970 வரை ஏறக்குறைய 350 வண்டிகளை வெளியிட்டது. இம்மூவருக்கும் மூண்ட போட்டி அவ்வாண்டுகளில் தொடங்கியது.

இடைப்பட்ட கதையை விரித்தல் வேண்டா. நேராக 1989-க்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டில் ஜப்பானியச் சாலைகளில் விபத்தால் மாண்டவர் தொகை 10,000-ஐத் தாண்டியது. அரசாங்கம் சட்டம் கொண்டுவந்துவிடுமோ என்று அஞ்சிய கம்பெனிகள், 280 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டியை உள்நாட்டில் விற்பதில்லை என்று தமக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2004 வரை இவ்வொப்பந்தம் நீடித்தது. ஏட்டில் 280 என்றிருக்கும். சாலையில் அதற்கு மேலும் இருக்கும். இது அத்தொழிலில் இருந்த யாவரும் அறிந்த இரகசியம். ஆனால் ஒப்பந்தத்தால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. திறனைக் கூட்டிக்காட்டிப் பெருமை பேச இயலாமற் போகவே, எடையைக் குறைப்பதிலும், வளைவில் வண்டி நிலைகுலையாமல் நிற்பதிலும், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடுவதிலும் பொறியாளர்கள் தம் மூளையைச் செலுத்தினர்.

அவ்வாண்டே நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வண்டியை மீண்டும் கொணர்ந்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பானியச் சுற்றுப்பந்தயங்கள் இருபத்தொன்பது. இருபத்தொன்பதிலும் அவ்வண்டியே வென்றது. ஹோண்டாவோ வேறு வழியில் சென்றது. 1990-இல் விற்பனைக்கு வந்த அதன் என்.எஸ்.எக்ஸ். வண்டியின் உடல் முழுவதும் அலுமினியம். எந்திரம் ஓட்டுநருக்குப் பின்னே இருக்கும். வண்டி உருவாகிக்கொண்டிருந்தபோதே, உலகப் பந்தய வீரராகிய பிரேசில் நாட்டு ஆயர்டன் சென்னா அதைச் சுசூகாவில் ஓட்டிப் பார்த்து, உடல் இன்னும் உறுதியாக இருத்தல் வேண்டும் என்று கருத்துரைத்தார். ஹோண்டாவின் பொறியாளர் அதைக் குறையாக எண்ணாமல் மறுபடியும் உழைத்து உறுதிப்படுத்தினர்.

டொயோட்டாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அக்கம்பெனி பிறந்தது தறியிலிருந்து என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? டொயோடா சாகிசி என்பவர் தச்சர் மகன். தாய் கைத்தறியில் படும் பாட்டைக் கண்டு தறியைத் திருத்தத் தொடங்கியவர் என்பர். 1924-இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனி 1929-இல் விலைக்கு வாங்கியது. அவர் மகன் கிசிரோ கார் ஆராய்ச்சியில் இறங்கியது அந்நாளில்தான். எண்பது ஆண்டுக்குப் பின், எல்.எப்.ஏ. வண்டியைச் செய்யும்போது, அலுமினிய உடல் போதாது என்று கண்டு, பாதி வழியில் திட்டத்தை மாற்றிக் கரிநார் உடல் செய்யத் துணிந்தனர். கரிநாரை வட்டமாக நெய்ய ஒரு தறி தேவைப்பட்டது. அத்தறியையும் தாமே அமைத்துக்கொண்டனர். பாட்டனார் தொழில் பேரனுக்குக் கைகொடுத்தது.

அந்த வண்டியின் பத்துருளை எந்திரம் அரை நொடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நிமிடத்துக்கு 9,000 சுற்று என்னும் விரைவை எட்டிவிடும். முள் வைத்த கடிகாரம் அதைப் பின்தொடர இயலாமல் தவித்ததால் மின்திரையில் காட்ட வேண்டியதாயிற்று. 2010 முதல் 2012 வரை செய்தவை 500 வண்டிகள் மட்டுமே. விலையோ 3,75,000 டாலர். அத்தனை விலை வைத்தும் பத்தாண்டு ஆராய்ச்சியின் செலவு ஐந்நூறு வண்டியில் திரும்பியிருக்கும் என்று நாம் நம்பவில்லை.

பின் எதற்காகச் செய்தார்கள்? அம்மையாரின் முதற் கேள்விக்கு நாம் கண்ட விடை இது. ஜப்பானில் இசே என்னுமிடத்தில் உள்ள கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாக எழுப்புவர். மரம் உளுத்துவிட்டது என்பதனால் மட்டும் அன்று. மூத்த தச்சர் உயிரோடு இருக்கும்போதே இளைய தச்சர் கையால் செய்து பழகிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம் ஊர்த் தேர்களைப் புதுப்பிக்கும்போதும் ஸ்தபதிகள் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம். சிறு கார் இலட்சக்கணக்கில் செய்யும் கம்பெனியில் ஒரு பொறியாளர் தம் ஆயுள் முழுவதும் ஒரு கதவுப் பிடியோடு கழித்துவிடக்கூடும். விரைவு வண்டி செய்யும்போதுதான் முழு வண்டியையும் முதலிலிருந்து எண்ணிப் பார்க்கும் கூட்டம் ஒன்று உருவாகிறது. டொயோட்டா 2025 டிசம்பரில் ஜி.ஆர்.ஜி.டி. என்ற அடுத்த வண்டியைக் காட்டியதற்கும் காரணம் இதுவே என்று கருதுகிறோம். பக்கத்து வீட்டுக்காரன் செய்துவிட்டானே என்ற பொறாமையும் கூடவே உண்டு, அதை மறைப்பானேன்.

பந்தயத் தடங்களும் இப்போட்டியில் பங்குகொண்டவையே. சுசூகா ஹோண்டாவுடையது, ஃபூஜித் தடத்தை டொயோட்டா 2000-இல் வாங்கிக்கொண்டது. எதிராளியின் வீட்டு முற்றத்தில் வெல்வதே பெரிய வெற்றி. அப்படிப்பட்ட ஒரு வெற்றியை ஹோண்டாவுக்கு ஈட்டித் தந்தவர் ஒரு தமிழர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மைப் போன்ற பெரியவர்களுக்குத் தெரிவதில்லை.

அதற்குக் கோயமுத்தூர்ப் பின்னணி உண்டு. அங்கும் தொடக்கம் பஞ்சாலைதான். ஆலைத் தொழிற் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் என்பவர் பந்தய வண்டி ஓட்டியதோடு நில்லாமல், தாமே வண்டி செய்யவும் தொடங்கினார். சென்னைக்கு அருகே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்கள் அவை. 1983 இறுதியில் மாருதி 800 வீதிக்கு வந்தது. அதன் 796 கன சென்டிமீட்டர் எந்திரம் ஜப்பானின் சுசூகி கம்பெனியுடையது. சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவரும் அந்தச் சிறு எந்திரத்தை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தினார் கரிவரதன். ‘ஃபார்முலா மாருதி’ எனப்பட்ட அவ்வண்டிகளால், பெருஞ்செல்வர் அல்லாதாரும் ஓரளவு பந்தயத்துக்கு வர வழி பிறந்தது. 1995-இல் ஒரு சிற்றூர்தி விமான விபத்தில் அவர் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் கைபழகியவர் நாராயண் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டன் அணிக்காக உலகப் பெரும்பந்தயமாகிய ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அவ்வாண்டு அவ்வணியின் எந்திரம் டொயோட்டா கொடுத்தது. 2014 முதல் ஜப்பானில் பந்தயம் ஓட்டினார். முதலில் டொயோட்டா எந்திரம், பின்னர் ஹோண்டா. 2019-இல் சூப்பர் ஜி.டி. என்னும் பந்தய வரிசையில், நகாஜிமா சதோரு நடத்தும் அணிக்காக என்.எஸ்.எக்ஸ். வண்டியில் ஏறினார். நிசான் ஜி.டி.ஆர்., டொயோட்டாவின் லெக்சஸ், ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். மூன்றும் நேருக்கு நேர் மோதும் களம் அது. மூன்றுக்கும் இரண்டு லிட்டர் எந்திரமே. ஆயினும் அறுநூறு குதிரைத்திறனுக்கு மேல் தரும்.

2019 நவம்பர் 24-ஆம் நாள், ஃபூஜித் தடத்தில், ஜெர்மானிய வண்டிகளும் வந்து சேர்ந்துகொண்ட ஒரு சிறப்புப் பந்தயம் நடந்தது. வழக்கமாக அணிக்கு ஒரு டயர்க் கம்பெனி என்றிருக்கும். அன்று எல்லோருக்கும் கொரியாவின் ஹான்குக் டயர் ஒன்றே. முதலில் வந்தவர் நாராயண் கார்த்திகேயன். அப்போது வயது நாற்பத்திரண்டு. இரண்டாவதாக வந்ததும் ஒரு ஹோண்டாவே; மூன்றாவது ஒரு ஆடி வண்டி. டொயோட்டாவுக்குச் சொந்தமான தடத்தில், ஹோண்டா வண்டியில், கோவைக்காரர் வென்றார். எந்திரம் ஓட்டுநருக்குப் பின்னே அமைந்த பந்தய என்.எஸ்.எக்ஸ். அவ்வாண்டோடு முடிந்தது, அடுத்த ஆண்டு அதை முன்னே கொண்டுபோய்விட்டார்கள்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். பந்தய ஓட்டுநராவது நம் போன்ற குடும்பங்களுக்கு எளிதன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். டயருக்கும் பயிற்சிக்கும் ஆகும் பணம் ஒரு வீட்டையே விழுங்கிவிடும். நாராயணின் தந்தையாரே பந்தய வீரர். அவருக்கே பின்னாளில் பெருங்கம்பெனிகளின் ஆதரவு தேவைப்பட்டது. உயிருக்கும் அச்சமுண்டு. டொயோட்டாவின் தலைமைச் சோதனை ஓட்டுநர் நாருசே ஹிரோமு, எல்.எப்.ஏ. வண்டியைச் செம்மைப்படுத்தியவர், 2010 ஜூன் 23 அன்று ஜெர்மனியில் அதே வண்டியை ஓட்டிச் செல்கையில் விபத்தில் இறந்தார். வயது 67.

ஆனால் அந்த நாருசேயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1963-இல் அவர் டொயோட்டாவில் சேர்ந்தது மெக்கானிக்காக. கம்பெனித் தலைவராகப் பின்னாளில் வந்த டொயோடா அகியோவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசான் அவரே. நிசானிலும் அவ்வாறே. 2007-இல் வந்து 2025 ஆகஸ்டு வரை ஏறக்குறைய 48,000 வண்டிகள் செய்யப்பட்ட ஜி.டி.ஆரின் எந்திரம் ஒவ்வொன்றையும், யோகஹாமா ஆலையில் ஒரே கைவினைஞர் முதலிலிருந்து முடிவு வரை தம் கையால் கூட்டி முடிப்பார். எந்திரத்தின் மேல் அவர் பெயர்த் தகடு இருக்கும். பொறியாளர் பெயரோ முதலாளி பெயரோ அதில் இராது.

ஆதலின் அம்மையாருக்கு நாம் எழுதிய பதில் இவ்வளவே: பையன் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாலும் சரி, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்ந்தாலும் சரி, கணக்கை விடாமல் படிக்கட்டும். அளவுகோல் பிடிக்கும் வேலைக்குக் கணக்கு வேண்டும். விடுமுறையில் நம்பகமான ஒரு பட்டறையில் இரண்டு மாதம் கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கட்டும். அதன் பிறகும் அவனுக்கு ஆசை இருந்தால், அது படத்தைப் பார்த்து வந்த ஆசை மட்டும் அன்று என்று கொள்ளலாம். சுவரில் உள்ள படங்களைக் கிழிக்க வேண்டா.