ஐந்து கேள்விக்குறிகள்: பிழை எங்கே, கேட்பது யாரிடம்?

தான் அமைத்த இணையதளத்தின் படிவம் ஒன்றில் 'அம்மா' என்று தட்டச்சு செய்து பொத்தானை அழுத்துகிறார் ஒருவர். அடுத்த பக்கத்தில் வந்து நிற்பதோ '?????'. தமிழில் தளம் அமைக்கப் புறப்பட்ட பலரைத் திகைக்க வைத்த காட்சி இது. 'பிஎச்பியில் தமிழ் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது?' என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறார். பிஎச்பி தெரிந்தவர்கள், 'இது டேட்டாபேஸ் விஷயம், அங்கே கேளுங்கள்' என்கிறார்கள். டேட்டாபேஸ் தெரிந்தவர்கள், 'முதலில் உங்கள் புரோகிராமைப் பாருங்கள்' என்கிறார்கள். கேட்டவர் இரண்டுக்கும் நடுவில் அல்லாடுகிறார்.

இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் பிஎச்பியை வெளியிட்டது 1995-இல். ஸ்வீடனில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் பிறந்ததும் அதே ஆண்டுதான். இரண்டும் இலவசமாகக் கிடைத்தன. குறைந்த வாடகை சர்வர்களிலும் ஓடின. ஒரே பாடத்தில் இரண்டையும் சேர்த்தே படித்தவர்களுக்கு ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமலே போனது. ஆனால் வேலை வேறு வேறு. பக்கத்தைத் தயாரித்துக் கொடுப்பது பிஎச்பி. தகவலைச் சேமித்து, கேட்டபோது எடுத்துத் தருவது மைஎஸ்கியூஎல். இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்பு. கடைசியில், வந்ததைத் திரையில் காட்டும் பிரௌசர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மோட்டாரா, தொட்டியா, குழாயா என்று பார்த்துவிட்டுத்தானே ஆளைக் கூப்பிடுகிறோம்? இங்கும் அதைத்தான் செய்ய வேண்டும்.

'அம்மா'வையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறியீடுகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்களாகப் பதிவாகிறது. ஆக, 'அம்மா'வுக்கு மொத்தம் 15 பைட்.

மைஎஸ்கியூஎல்லோ வெகுகாலம் லத்தீன்1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையையே இயல்பாக வைத்திருந்தது. சொற்களை அடுக்கியதும் ஸ்வீடிஷ் மொழி வரிசைப்படிதான். 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான், யூடிஎஃப்-8-இன் முழு வடிவத்துக்கு மைஎஸ்கியூஎல் வைத்த பெயரான யூடிஎஃப்8எம்பி4 இயல்பானது. லத்தீன்1-இல் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. தமிழை அந்த முறைக்கு மாற்ற நேர்ந்தால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். ஐந்து குறியீட்டுக்கு ஐந்து கேள்விக்குறி.

சில சமயம் கேள்விக்குறி வராது. மேலே சாய்கோடு போட்ட லத்தீன் 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வரும். அப்படியானால் நடந்தது வேறு. பைட்டுகள் அழியவில்லை, மூன்று சேர்ந்து ஒரு குறியீடு என்பதை அறியாமல் யாரோ அவற்றைத் தனித்தனியாகப் படிக்கிறார்கள். பெரும்பாலும் இதை மீட்டுவிடலாம். கேள்விக்குறி சேமிக்கும்போதே விழுந்திருந்தால் மீட்க வழியில்லை. எடுத்துக் காட்டும்போது மட்டும் விழுந்திருந்தால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும்.

இவற்றில் எது நடந்தது என்று தெரிந்துகொள்ள மைஎஸ்கியூஎல்லில் 'ஹெக்ஸ்' என்ற வசதி இருக்கிறது. சேமித்து வைத்திருக்கும் பைட்டுகளை அது அப்படியே காட்டிவிடும். 3எஃப் என்பது ஐந்து முறை வந்தால் அது கேள்விக்குறியின் எண், எழுத்து போய்விட்டது. மூன்று பைட்டுக்கு ஒருமுறை ஈ0 வந்தால் சேமித்தது சரி. அப்போது பிஎச்பிக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே உள்ள இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இணைப்பின் எழுத்துமுறையை யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவிக்கும் ஒரு வரியே போதுமானதாக இருக்கலாம்.

இவ்வளவும் பார்க்கச் சில நிமிடங்கள் ஆகும். பார்த்த பிறகு கேள்வியே மாறிவிடுகிறது.

'தமிழ் வரவில்லை, அவசரம், உதவுங்கள்' என்று கேட்டால், பதில் சொல்ல வருபவர் முதலில் பத்துக் கேள்வி கேட்டாக வேண்டும். 'மைஎஸ்கியூஎல் 5.7, டேபிளின் அமைப்பு இது, ஹெக்ஸில் ஈ0 என்று சரியாகத் தெரிகிறது, பக்கத்தில் மட்டும் ஐந்து கேள்விக்குறி, இணைப்புக்கான வரிகள் இவை' என்று கேட்டால் பிழை இருக்கும் இடம் பாதி தெரிந்துவிடுகிறது. யாரிடம் கேட்பது என்பதும் தானாக விளங்கிவிடுகிறது. பிழைச்செய்தியை எழுத்து பிசகாமல் நகலெடுத்துத் தர வேண்டும். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அதை எளிதில் நகலெடுத்துத் தேட முடியாது. ஆயிரம் வரி புரோகிராமைக் கொட்டாமல், அதே பிழையைக் காட்டும் பத்து வரியாகச் சுருக்க வேண்டும். சுருக்கும்போதே பிழை அகப்பட்டுவிடுவதும் உண்டு. பாஸ்வேர்டை மறக்காமல் நீக்கிவிட வேண்டும்.

நினைத்த வைத்தியத்தை மட்டும் கேட்பதும் ஆபத்து. 'கேள்விக்குறிகளை பிஎச்பியில் எப்படி நீக்குவது?' என்று கேட்டால் நீக்கும் வழி கிடைத்துவிடும், தமிழ் கிடைக்காது.

எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-இல் எழுதிய, கேள்வி கேட்கும் முறை பற்றிய வழிகாட்டி இன்றும் பலராலும் சுட்டப்படுகிறது. கேட்பவருக்குக் கண்டிப்பாகப் பாடம் எடுக்கும் அந்தக் கட்டுரையில், உதவும் விதமாகப் பதில் சொல்வது எப்படி என்று ஒரு பகுதியும் உண்டு. அதைச் சுட்டுபவர்கள் அந்தப் பகுதியையும் படிக்க வேண்டும். பதில் சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளமில்லாமல் நேரம் ஒதுக்குபவர்கள். அவர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் பிஎச்பி தெரிந்தவர்கள் 'இது இங்கே கேட்கக் கூடாது' என்று மட்டும் சொன்னால் புதியவர் எதையும் கற்பதில்லை. 'ஹெக்ஸ் போட்டுப் பாருங்கள். 3எஃப் வந்தால் டேட்டாபேஸ் தெரிந்தவர்களிடம் போங்கள், ஈ0 வந்தால் இங்கேயே வாருங்கள்' என்று சொல்ல ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சிக்கல் தீர்ந்ததும் கேட்டவர் எது தீர்த்தது என்று அதே இடத்தில் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். 'நன்றி, சரியாகிவிட்டது' என்பதோடு நிறுத்திவிட்டால், அடுத்த ஆண்டு அதே ஐந்து கேள்விக்குறிகளோடு தேடி வருபவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. மாற்றிய வரி எது, மைஎஸ்கியூஎல்லின் எந்தப் பதிப்பு என்று எழுதியிருந்தால், அவர் யாரையும் கேட்காமலே தன் வேலைக்குத் திரும்பிவிடலாம்.