ஆங்கில ஸ்பெல்லிங் பிழைகள்: 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் நன்றாக எழுதிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் திடீரெனத் தடுமாறுவதைப் பல பெற்றோர்கள் பார்த்திருப்பீர்கள். பாடங்கள் நீள்கின்றன, புதுச் சொற்கள் குவிகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முடியாத நிலையில், "இங்கிலீஷுக்கு விதியே கிடையாது" என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் விழுந்துவிடுகிறது. அது சரியல்ல. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பெரும்பாலான சொற்கள் சில எளிய விதிகளுக்குள் அடங்கும்.

மக்தப் மதரஸாவில் தஜ்வீத் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. நூன் சாக்கினுக்குப் பின் 'பா' வந்தால், எழுத்து நூனாக இருந்தாலும் ஒலி மீமாக மாறுகிறது. அடுத்து வரும் எழுத்தே ஒலியை முடிவு செய்கிறது. ஆங்கிலத்திலும் இதே வழக்கம் உண்டு.

முதல் விதி: 'சி' என்ற எழுத்துக்குப் பின் இ, ஐ, ஒய் ஆகியவற்றில் ஒன்று வந்தால் 'ஸ' ஒலி: சென்டர், சிட்டி, சைக்கிள். மற்ற இடங்களில் 'க' ஒலி. அதனால்தான் பூனையைக் குறிக்கும் 'கேட்' சி-யில் தொடங்க, பூனைக்குட்டியைக் குறிக்கும் 'கிட்டன்' கே-யில் தொடங்குகிறது. அங்கே சி போட்டால் 'சிட்டன்' ஆகிவிடும். 'ஜி' எழுத்தும் ஏறக்குறைய இப்படித்தான்: 'டேஞ்சர்' என்பதில் ஜி-க்குப் பின் இ வருவதால் 'ஜ' ஒலி. ஆனால் 'கியர்' விதிவிலக்கு. விதியைச் சொல்லும்போதே விலக்கையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது விதி: சொல்லின் கடைசியில் ஓசையின்றி நிற்கும் 'இ', முன்னால் உள்ள உயிரெழுத்தின் ஒலியை மாற்றும். 'கிட்' என்பதோடு ஓர் இ சேர்த்தால் 'கைட்'. 'இங்' சேர்க்கும்போது இந்த இ நீங்கிவிடும்.

மூன்றாவது விதி, நம் பிள்ளைகள் அதிகம் தவறும் இடம். தமிழில் 'படு' வேறு, 'பட்டு' வேறு. எழுத்து இரட்டித்தால் காதில் கேட்கும். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து பொதுவாகக் காதில் கேட்காது; முன்னால் உள்ள உயிரெழுத்து குறுகிய ஒலி என்பதற்கான அடையாளம் அது. 'டின்னர்' என்பதில் இரண்டு 'என்'. 'டைனிங்' என்பதில் ஒன்றுதான். நாம் 'கம்மிங்', 'ரைட்டிங்' என்று அழுத்திச் சொல்வதால் பிள்ளையும் எழுத்தை இரட்டிக்கிறது. ஆனால் அந்த இரண்டு சொற்களின் மூலமும் இ-யில் முடிகிறது. இ-யை நீக்கினால் போதும், இரட்டிக்கக் கூடாது. 'ரன்', 'கட்', 'சிட்' போன்ற ஓரசைச் சொற்களில், ஒரே உயிரெழுத்தும் அதன்பின் ஒரே மெய்யும் இருந்தால், 'இங்' சேர்க்கும்போது அந்த மெய் இரட்டிக்கும்.

நான்காவது விதி: ஒய்-யில் முடியும் சொல்லில் அதற்கு முன் மெய்யெழுத்து இருந்தால், பன்மையில் ஒய் நீங்கி ஐ-இ-எஸ் வரும்: பேபி, பேபீஸ். முன்னால் உயிரெழுத்து இருந்தால் எஸ் மட்டும் போதும்: பாய், பாய்ஸ்.

ஐந்தாவது விதி: 'ஈ' ஒலிக்கு ஐ முதலில், இ அடுத்து, சி-க்குப் பின் மட்டும் முறை மாறும். 'பிலீவ்' என்பதில் ஐ-இ. 'ரிசீவ்' என்பதில் இ-ஐ. அறிவியல் பாடத்தில் வரும் 'புரோட்டீன்' இதற்கு விலக்கு.

விலக்குகள் ஏன் இத்தனை? வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பின், எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது; பேச்சோ மாறிக்கொண்டே போனது. 'நைஃப்' என்ற சொல்லின் முதலில் நிற்கும் கே, ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டதுதான். பின்னர் நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி அமெரிக்க முறையைப் பரப்பியது. நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுபவை. 'கலர்' என்பதில் யு உண்டு. 'டயர்' என்பதில் ஒய் உண்டு. செல்போன் வேறு மாதிரி காட்டினால் பிள்ளை குழம்ப வேண்டாம்.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் தேவையில்லை. சேலத்தையும் தருமபுரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கணவாய்க்கு அருகே இருக்கிறது தொப்பூர். அங்கே வளரும் பிள்ளைக்குப் பிரேக், கியர், டயர், டேஞ்சர் எல்லாம் அன்றாடச் சொற்கள். வண்டியின் பிரேக் ஏ-கே-இ என்று முடியும். உடைத்தலைக் குறிக்கும் பிரேக் இ-ஏ-கே என்று முடியும். ஒலி ஒன்று, பொருள் வேறு. தினமும் ஐந்து சொற்கள் போதும். ஆங்கிலம் தெரியாத தாயும் இதைச் செய்யலாம்: பிள்ளை பார்க்காமல் எழுதட்டும், பிறகு புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடச் செய்யுங்கள். தவறிய சொல்லுக்கு எந்த விதி என்று பிள்ளையே சொல்லட்டும்.

இந்த விதிகளுக்குக் கட்டுப்படாதவை பெயர்கள். தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியானது. கோயம்புத்தூர், வேலூர் போன்றவற்றின் புது ஸ்பெல்லிங் குறித்து விமர்சனம் எழ, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே இப்படியென்றால், நம் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. 'முஹம்மது' என்பதை ஓ போட்டும் எழுதுகிறார்கள், யு போட்டும் எழுதுகிறார்கள். ஓர் எம், இரண்டு எம், கடைசியில் இ அல்லது ஏ என்று பல வடிவங்கள். எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று என்று இருந்தால், பின்னாளில் கல்லூரிச் சேர்க்கையிலும் பாஸ்போர்ட்டிலும் அலைச்சல்தான்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பெயரை மாற்றுவது எளிதல்ல. எனவே பிள்ளை நடுநிலை வகுப்பில் இருக்கும்போதே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியலையும் தந்தையின் பெயரையும் சேர்த்துச் சரிபாருங்கள். வேறுபாடு இருந்தால் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு தலைமையாசிரியரிடம் பேசுங்கள். முடிவான அந்த ஒரே ஸ்பெல்லிங்கைப் பிள்ளைக்கும் எழுதிப் பழக்குங்கள்.