மலை தாண்டி வந்த தண்ணீர்

மாசி பிறந்துவிட்டது. தாராவியிலும் கல்யாணிலும் இரவில் போர்த்திய கம்பளியைப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் போனால் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஆற்றங்கரையில் காலாற நடக்க வேண்டுமானால் இதுதான் பருவம்.

பெரிய செலவு இல்லை. கர்ஜத் லோக்கலுக்கு ஒரு டிக்கெட், கையில் புளிச்சோறு. போதும்.

இடப்பக்க ஜன்னல்

பத்லாபூர் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாங்கணி, ஷேலு, நேரல் என்று ஊர்கள் வரும். வலப்பக்கம் மாதேரான் மலை. இடப்பக்கம் சற்றுத் தள்ளி உல்லாஸ் ஆறு.

அடுத்து 'பிவ்புரி ரோடு' ஸ்டேஷன். அங்கே இறங்கிவிட வேண்டாம். ஸ்டேஷன் பெயரோடு 'ரோடு' என்று ஒட்டியிருந்தால், ஊர் தள்ளி இருக்கிறது என்று ரெயில்வேயில் பொருள். கர்ஜத்திலேயே இறங்குங்கள். முர்பாட் சாலையில் போகும் ஷேர் ஆட்டோக்காரரிடம் "பேஜ் நதி" என்று சொன்னால் போதும்.

மாசியில் இளம்பயிர்

உல்லாஸ் ஆற்றின் துணை ஆறுதான் பேஜ். கரையோரம் ஒற்றையடிப் பாதை போகிறது. இலையெல்லாம் உதிர்ந்த புரச மரத்தில் தீப்பிடித்தாற்போல் பூ. இலவ மரத்தடியில் சிவப்புப் பூக்கள் சிதறிக் கிடக்கின்றன. மாமரம் பூத்த வாசனை காற்றில் வருகிறது. ஆதிவாசிப் பெண்கள் இலந்தைப் பழத்தைக் கூறு கட்டி விற்கிறார்கள்.

இதையெல்லாம்விட நம்மவர் கண்ணை இழுப்பது வயல்தான். கொங்கணத்தில் நெல் என்றால் மழைக்கால நெல். அறுவடை முடிந்தால் பெரும்பாலான வயல்கள் காய்ந்து கிடக்கும். இங்கேயோ முழங்கால் சேற்றில் பெண்கள் நின்ற இடத்தில், இப்போது இளம்பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. மழை நின்று நாலு மாதம் ஆகியும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மலைக்கு அப்பால் ஆந்திரா என்று ஓர் ஆறு இருக்கிறது. பெயரைக் கேட்டு நம் அண்டை மாநிலத்தை நினைக்க வேண்டாம். இது புனே மாவட்டத்து ஆறு. இந்திராயணியில் கலந்து, பீமா வழியாகக் கிருஷ்ணாவில் சேர்ந்து, வங்கக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் இது.

டாட்டா நிறுவனம் அதைத் தோகர்வாடியில் அணை கட்டித் தேக்கியது. மலையைக் குடைந்து மேற்கே திருப்பியது. ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் கீழே பாய்ந்து வரும் அந்தத் தண்ணீர், 1922 முதல் பிவ்புரி மின்நிலையத்தில் மும்பைக்கு மின்சாரம் தருகிறது. வேலை முடிந்து வெளிவரும் தண்ணீர்தான் ராஜநாலா கால்வாயில் வயலுக்கும், மிச்சம் பேஜ் ஆற்றுக்கும் போகிறது.

தேனி, மதுரைக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து, வைகைப் பக்கம் திருப்பினார் பென்னிகுவிக். அங்கே மேற்குத் தண்ணீர் கிழக்கே வந்தது. இங்கே கிழக்குத் தண்ணீர் மேற்கே வந்திருக்கிறது.

யாருக்குச் சொந்தம்?

அங்கே உள்ள வழக்கு இங்கேயும் உண்டு. பீமா பள்ளத்தாக்கில் சோலாப்பூர் போன்ற வறட்சி மாவட்டங்கள் இருக்கின்றன. "மின்சாரத்துக்கு வேறு வழி உண்டு, குடிதண்ணீருக்கு இல்லை; எங்கள் தண்ணீரை எங்களுக்கே விடுங்கள்" என்ற கோரிக்கை மகாராஷ்டிரத்தில் பல காலமாக எழுந்து வருகிறது.

அப்படித் திருப்பினால் பேஜ் ஆறு என்ன ஆகும்? இந்தக் கோடை நெல் என்ன ஆகும்? உல்லாஸ் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் பத்லாபூர், அம்பர்நாத், கல்யாண் ஊர்கள் என்ன செய்யும்? அந்த ஊர்க் குழாயடிகளில் குடம் வைத்துக் காத்திருப்பவர்களில் நம்மவர்களும் உண்டு.

வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "தண்ணீரைத் திருப்பிவிடுவார்களாமே, காகா?" என்று கேட்டேன்.

"அவர்களுக்கும் தாகம்தானே" என்றார். கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துவிட்டு, "என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் இரண்டு போகம் விதைக்கிறோம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஓர் எச்சரிக்கை

போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானத்தில் மேகமே இருக்காது. ஆனால் மேலே மின்நிலையத்தில் இயந்திரம் ஓடினால் ஆற்றில் தண்ணீர் ஏறும். கணுக்கால் அளவுதானே என்று நடு ஆற்றுப் பாறையில் இலை போட்டு உட்கார வேண்டாம். பிள்ளைகளை இறக்குமுன் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கீழே நம் குழாய்க்கு வருவதும் இதே தண்ணீர்தான்.