தேசிப்புளியில் ஊறிய முட்டை: எது மருந்து, எது ஆபத்து?

முழு முட்டையை ஓட்டோடு கழுவி ஒரு கண்ணாடிப் போத்தலில் போடுவது. அது மூழ்கும்வரை தேசிப்புளி ஊற்றி, ஓடு கரையும்வரை மூன்று நான்கு நாள் வைத்திருப்பது. பிறகு உடைத்துக் கலக்கி, கித்துள் பாணியோ தேனோ சேர்த்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிப்பது. கைமருந்தின் செய்முறை இவ்வளவுதான். சிலர் இரண்டு மூடி பிரண்டியும் விடுவார்கள். நாட்பட்ட இருமல், மூச்சிழுப்பு, மூட்டுவலி, பிள்ளை பெற்ற உடம்பின் அசதி என்று பலவற்றுக்கும் இதைச் சொல்வார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் சீனாவிலும் தேசிப்புளிக்குப் பதிலாக வினாகிரியில் முட்டையை ஊறவைத்து இதே மாதிரி மருந்து செய்கிறார்கள்.

இரத்தினபுரி மாவட்டத்துப் பெல்மதுளைப் பக்கத்தில் இதற்கான சாமான் எதற்கும் அலைய வேண்டியதில்லை. கித்துள் பாணி சபரகமுவையில் பேர்போன சரக்கு. லயத்துக்குப் பின்னால் கோழி மேய்கிறது. தேசிக்காய் எந்த மரக்கறிக் கடையிலும் கிடைக்கும். செய்வது சுலபம் என்பதாலேயே, செய்வதற்கு முன் போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஓடு எங்கே போகிறது?

முட்டையோட்டில் 95 சதவீதம் அளவுக்குக் கல்சியம் காபனேற்று இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு எடுக்கும் சிப்பியிலும் பவளப் பாறையிலும் இருப்பது இதுவே. தேசிப்புளியில் இருப்பது சித்திரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தவுடன் காபனீரொட்சைட்டு வாயு கிளம்பும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புளி ஊற்றி ஒரு நிமிடம் ஆவதற்குள் ஓடு முழுதும் பொடிக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் ஒரு பக்கம் கூடினால் முட்டை தானாகப் புரளும். பழுப்பு முட்டையாக இருந்தால் நிறம் உரிந்து நுரையோடு மேலே மிதக்கும். ஓடு போன பிறகு மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும். டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு நிழலாக அசைவது தெரியும். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது கல்சியம் சித்திரேற்று. மருந்துக் கடைகளில் விற்கும் கல்சியம் மாத்திரைகளில் ஒரு வகை இந்த உப்புத்தான்.

ஆக, இந்தக் கைமருந்தில் பொருள் இருக்கிறது. கரையாத ஓட்டை உடம்பு ஏற்கும் ஓர் உப்பாக அது மாற்றுகிறது. வயிற்றில் அமிலம் குறைவாக உள்ள வயதானவர்களுக்கு இந்த உப்பு, காபனேற்றைவிட எளிதாகச் சேரும்.

அளவுக் கணக்கு

நடுத்தர முட்டையின் ஓடு ஐந்தரை கிராம் வரும். அதில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகக் கல்சியம் உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,000 மில்லிகிராம். அதாவது ஒரே ஓட்டில் இரண்டு நாள் கல்சியம் இருக்கிறது.

அந்த ஓடு முழுதும் கரைய ஏழு கிராம் சித்திரிக் அமிலம் வேண்டும். ஒரு லீற்றர் தேசிப்புளியில் இருப்பது ஏறத்தாழ 46 கிராம். எனவே ஒரு முட்டைக்கு 150 மில்லிலீற்றர் புளி, அதாவது எட்டு முதல் பத்துத் தேசிக்காய் தேவை. இரண்டு மூன்று காயைப் பிழிந்துவிட்டு ஓடு கரையவில்லையே என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

இதே கணக்கில் ஒரு முட்டையோடு ஒரு லீற்றருக்கும் மேல் வாயுவை வெளியே தள்ளும். போத்தலை இறுக மூடினால் வெடித்துவிடக்கூடும். வாயில் துணியைக் கட்டி வைப்பதே முறை. அலுமினியப் பாத்திரமும் ஆகாது, புளி அதை அரித்துவிடும்.

உறைந்தது வெந்ததாகாது

புளியில் ஊறிய வெள்ளைக் கரு ஓரங்களில் பால் நிறமாக இறுகும். பார்ப்பவர்களுக்கு அது வெந்தது போலத் தோன்றும். இங்கேதான் ஏமாந்துபோகிறோம். றப்பர் பாலில் அசிட் விட்டுத் தட்டில் உறையவைப்பதைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். பால் கட்டியாகிறது, ஆனால் சூடு எதுவும் படவில்லை. முட்டையும் அப்படித்தான். அமிலம் புரதத்தை இறுக்கும். உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்ல அது போதாது.

அந்தக் கிருமியின் பெயர் சல்மொனெல்லா. கோழி எச்சத்தால் ஓட்டின் வெளியிலும் ஒட்டும், கோழியின் சூலகத்திலேயே தொற்றி முட்டைக்குள்ளும் இருக்கும். உள்ளே இருப்பதைக் கழுவி நீக்க முடியாது. முட்டையைப் பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. வீட்டுக்கோழி முட்டை என்பதும் இதற்கு உத்தரவாதம் ஆகாது. உடம்பில் சேர்ந்தால் ஆறு மணித்தியாலம் முதல் மூன்று நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் தொடங்கும். பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடுமையான புளிப்பில் சல்மொனெல்லா மெல்ல மெல்லச் சாகும் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் செய்முறை தன் காப்பைத் தானே அழித்துக்கொள்கிறது. ஓட்டின் கல்சியம் காபனேற்று புளிப்பை முறிக்கும் பொருள். வயிற்றெரிவுக்கு நாம் வாங்கிச் சப்பும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் அதுவே. ஓடு கரையக் கரையப் புளிப்பு குறைகிறது. புளியை அளவாக விட்டிருந்தால், ஓடு முழுதும் மறைந்து மருந்து தயாராகும் நேரமும் புளிப்பு ஓய்ந்துபோகும் நேரமும் ஒன்றே. அந்த நேரத்தில்தான் தோலைக் கிழித்துப் பச்சை முட்டையைக் கலக்குகிறோம். பிறகு அதை வெளியில் வைத்துப் பல நாள் குடிக்கிறோம். இரண்டு மூடி பிரண்டி இவ்வளவு கலவையில் கரைந்து எதையும் கொல்லாது. பாலூட்டும் தாய்க்கு அதுவும் வேண்டாத சேர்க்கைதான்.

பச்சை முட்டையில் சத்து அதிகம் என்ற நம்பிக்கையும் சரியல்ல. 1998இல் பெல்ஜியத்தில் செய்த ஆய்வில் வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் பாதிதான் செரித்தது.

நம் முன்னோரும் ஓட்டை மருந்தாக்கியிருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் அண்டவோட்டுப் பற்பமும் ஆயுர்வேதத்தில் குக்குடாண்டத்வக் பஸ்மமும் முட்டையோட்டில் செய்பவை. ஓட்டைச் சுத்தி செய்து, உட்சவ்வை நீக்கி, அரைத்து, புடம் போட்டுத்தான் எடுப்பார்கள். ஓடு மருந்தானது நெருப்பில் இறங்கிய பிறகுதான்.

எந்த நோய்க்கு எவ்வளவு உண்மை?

இருமலுக்கு: இந்தக் கலவையில் தொண்டைக்கு இதம் தருவது தேன். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளின் சளி இருமலைத் தேன் ஓரளவு தணிக்கும் என்பது ஆய்வுகளில் தெரிந்தது. ஒரு வயதுக்குக் கீழே தேன் துளியும் கொடுக்கக் கூடாது. இதற்கு முட்டை தேவையில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரில் தேனும் தேசிப்புளியும் விட்டுக் குடித்தாலே போதும்.

மூச்சிழுப்புக்கு: முட்டையோ புளியோ சுருங்கிய மூச்சுக் குழாயைத் திறக்காது. இன்ஹேலரை விட்டுவிட்டு இதை நம்பி இருப்பது ஆபத்து.

மூட்டுவலிக்கு: கல்சியக் குறைவு எலும்பைப் பலவீனமாக்கும் என்பது சரி. ஆனால் மூட்டுத் தேய்மானமும் வாதமும் கல்சியத்தால் ஆறுபவை அல்ல.

விற்றமின் சீ: புதிதாகப் பிழிந்த புளியில் உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரித்தானியக் கடற்படை மருத்துவர், இந்தச் சத்துக் குறைவால் ஈறில் இரத்தம் வடிந்து வாடிய மாலுமிகளுக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றினார். ஆனால் 1875இல் அதே கடற்படை வட துருவத்தை நோக்கிப் போனபோது போத்தலில் அடைத்த தேசிப்புளி கையில் இருந்தும் அந்த நோய் வந்தது. சேமித்த புளியில் சத்து அழிந்துபோவது அதற்கு ஒரு காரணம். பல நாள் ஊறிய நம் போத்தலுக்கும் அதே கதிதான்.

பச்சை முட்டை இல்லாமல் செய்யும் முறை

ஓட்டின் கல்சியம் வேண்டும் என்பவர்கள் முட்டையை அதில் சேர்க்காமலே செய்யலாம்.

1. முட்டையை உடைத்துக் கறிக்கோ பொரியலுக்கோ எடுத்துக்கொண்டு ஓட்டைக் கழுவுங்கள். உட்சவ்வை உரித்துவிடுங்கள்.

2. ஓட்டைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் அவியுங்கள். வெயிலிலோ அடுப்போரத்திலோ நன்றாகக் காயவிடுங்கள்.

3. மாவாக அரைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். விரலில் தேய்த்தால் நெறுநெறுக்கக் கூடாது. காய்ந்த போத்தலில் இந்தத் தூளைப் பல வாரம் வைக்கலாம்.

4. குடிக்கும் நாளில் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, ஒரு கிராம் அளவு தூளை எடுத்துப் பெரிய கண்ணாடிக் கிளாஸில் போடுங்கள். இரண்டு தேசிக்காயின் புளியை விடுங்கள். நுரைத்துப் பொங்கும். தூள் என்பதால் முழு ஓடு போல நாட்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. நுரை முற்றாக அடங்கும்வரை சில மணித்தியாலம் மூடாமல் வையுங்கள்.

5. அரைக் கிளாஸ் தண்ணீரும் கொஞ்சம் கித்துள் பாணியும் சேர்த்து, அடியில் படிந்ததையும் கலக்கி, சாப்பாட்டோடு குடியுங்கள். அன்றே குடித்து முடியுங்கள். பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். ஓட்டைக் கரைக்கும் புளி பல்லின் மேற்பூச்சையும் கரைக்கும். உடனே பல் துலக்கவும் வேண்டாம்.

இதில் சுமார் 350 முதல் 400 மில்லிகிராம் கல்சியம் கிடைக்கும். மீதியைத் தலையோடு உண்ணும் நெத்தலியும் முருங்கை இலையும் பாலும் தரும். முட்டையை மஞ்சள் கரு இறுகும்வரை அவித்துத் தனியே சாப்பிடுங்கள்.

யாருக்கு ஆகாது?

சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கல்சியம், இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சீ மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கு மேல் இது வேண்டாம். இரும்பு மாத்திரையையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரும்பு மாத்திரையோடு தேத்தண்ணீரும் ஆகாது. தேசிப்புளித் தண்ணீர் நல்லது. இரத்தச்சோகை மிகுந்த தோட்டப் பெண்களுக்கு இந்த ஒரு பழக்கம் எந்தக் கலவையையும்விடப் பெரிய மருந்து.

தலைக்கும் முகத்துக்கும்

பொடுகுக்கென்று முட்டையும் தேசிப்புளியும் கலந்து தலையில் பூசுபவர்கள் கழுவும்போது சுடுதண்ணீர் விடாதீர்கள். முட்டை முடியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று முக்கியம். தோலில் தேசிப்புளி பட்டு அதன் மேல் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, மாதக்கணக்கில் கருப்புத் தழும்பு நிற்கும். காலையில் கொழுந்து பறிக்கவோ பால் வெட்டவோ போகிறவர்கள் முகத்திலும் கையிலும் இதைப் பூசவே கூடாது.

எப்போது கைமருந்தை நிறுத்த வேண்டும்?

இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சல் அதிகம் காணும் மாவட்டங்களில் ஒன்று. வயலிலோ மாணிக்கக் குழியிலோ சேற்றுத் தண்ணீரிலோ நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், அதை உடம்பு வலி என்று எண்ணிக் கைமருந்து கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போய், எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். மூச்சிழுப்பு கூடி ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்கும் காசில்லை. அது வரும்வரை இன்ஹேலரைப் பாவியுங்கள்.