ஒற்றியூர் கேட்ட இசை

சென்னையின் இசை என்றவுடன் மயிலாப்பூரும் தியாகராய நகரும் நினைவுக்கு வருகின்றன. நகரின் வடபகுதியோ துறைமுகம், கண்டெய்னர் லாரிகள், ஆலைப் புகைபோக்கிகள் ஆகியவற்றாலேயே அறியப்படுகிறது. ஆயினும் இசைச் சபாக்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அடியார்கள் கூடியிருந்து இசை கேட்ட ஊர் திருவொற்றியூர்.

தேவார மூவரும் பாடிய தலம் இது. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்ததும் இங்கு நிகழ்ந்தனவாகப் பெரியபுராணம் கூறும். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் இராசாதிராச சோழன் இவ்வூர்ப் பங்குனித் திருவிழாவிற்கு வந்து, மடத்துத் தலைவரான சதுரானன பண்டிதர் முதலியோருடன் அமர்ந்து, சுந்தரர் வரலாறு படிக்கப்பட்டதைக் கேட்டான் என்பதைக் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. அரசனும் துறவியரும் ஒரே அவையில் கேட்போராக இருந்தனர்.

மற்றொரு கல்வெட்டு இன்னும் அரிய செய்தியைத் தருகிறது. மூன்றாம் இராசராசன் இக்கோயிலுக்கு வந்திருந்தபோது, உறவாக்கின தலைக்கோலி என்னும் பெண் அகமார்க்கம் என்னும் இசைமுறையில் பாடினார். ஆடல் பாடலில் தேர்ந்த பெண்டிர்க்கு வழங்கப்பட்ட சிறப்புப் பெயர் தலைக்கோலி. அரசன் அருகிலுள்ள மணலியில் நிலம் அளித்து, அதற்கு அவர் பெயராலேயே உறவாக்கினநல்லூர் எனப் பெயரிட்டான். பாடிய பெண்ணின் பெயரைக் கல் காத்து வைத்திருக்கிறது. அவர் பாடிய பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் மணலி மீண்டும் இசை வரலாற்றில் இடம்பெறுகிறது. அவ்வூர்ச் செல்வர் வேங்கடகிருஷ்ண முதலியார், திருவாரூரிலிருந்து வந்த இராமசாமி தீட்சிதரையும் அவர் மக்களையும் ஆதரித்தார். மக்களில் மூத்தவரான முத்துசாமி தீட்சிதர், புனித ஜார்ஜ் கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய வாத்தியக் குழுவின் மெட்டுகளுக்குச் சமற்கிருதத்தில் பாடல் புனைந்தார், அவையே நோட்டுசுவரங்கள். இளையவர் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு ஏற்ற கருவியாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதன் தொடக்கத்தைத் தேடிச் செல்வோர் மணலியைக் கடந்தே செல்ல வேண்டும்.

தியாகராசரின் வருகையே இவ்வூரின் இசை வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்வு. அவருடைய மாணவர் வீணை குப்பையர் சென்னை முத்தியால்பேட்டையில் வாழ்ந்தார். ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவுக் காலத்தில் அவர் இல்லத்தில் வேணுகோபாலனுக்கு விழா எடுக்கப்படும். இசைவாணர்கள் அங்குக் கூடுவர். தலயாத்திரையாகச் சென்னை வந்த ஆசிரியரைக் குப்பையர் திருவொற்றியூருக்கு அழைத்துச் சென்றார். வாழ்நாளெல்லாம் இராமனையே மிகுதியாகப் பாடியவர், இங்கு வடிவுடையம்மனாகிய திரிபுரசுந்தரியின் முன் நின்று ஐந்து கிருதிகள் பாடினார். கல்யாணி, பேகடா, ஆரபி, சுத்த சாவேரி, சாவேரி ஆகிய இராகங்களில் அமைந்த அவை திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. தாம் பிறந்த திருவாரூரின் இறைவன் பெயரே இத்தலத்து இறைவனுக்கும் வழங்குவது அவர் உள்ளத்தைத் தொட்டிருக்கக்கூடும். குப்பையர் தம் மகனுக்கும் தியாகையர் என்றே பெயரிட்டார். அவர் திருவொற்றியூர்த் தியாகையர் என ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டு, 1900இல் ‘பல்லவி சுவரகற்பவல்லி’ என்னும் நூலை வெளியிட்டார்.

தியாகராசர் தெலுங்கில் பாடிய அதே அம்மனை, ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வாழ்ந்து ஒற்றியூருக்கு நடந்து வந்து வழிபட்ட இராமலிங்க அடிகள் தமிழில் பாடினார். அவருடைய வடிவுடை மாணிக்கமாலை இத்தலத்துக்கு உரியது. இசைக்கு உரிய மொழி எது என்று பிற்காலத்தில் எழுந்த வாதங்களுக்கு முன்னரே, ஒரே சன்னிதியில் இரு மொழிகளும் ஒலித்தன.

20ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியபின், டிசம்பர் கச்சேரிகள் படிப்படியாக நகரின் தென்பகுதிக்கு உரியவையாயின. தலைக்கோலிக்கு நிலம் அளிக்கப்பட்ட மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது. எண்ணூரில் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. அவற்றின் சாம்பல் கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனவர்களின் வாழ்வைக் குலைத்தது. இழப்பு இசைக்கு மட்டும் நேர்ந்ததன்று.

2017இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா அந்தக் கழிமுகத்திலேயே நின்று ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ பாடினார். கபேர் வாசுகி எழுதிய அப்பாடலின் மொழி சென்னையின் தெருப்பேச்சு. இசையோ கருநாடக இராகமாலிகை. அதில் வரும் இராகங்களுள் ஒன்று, வடிவுடையம்மன் முன் தியாகராசர் பாடிய பேகடா.